பைய எழுதலாம்: ஒரே தாளில் எட்டுப் பக்க இதழ்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஏ4 தாள் ஒன்றை மடித்து மடித்துக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னல பண்ணுத?" என்று கேட்டாள். "ஸீன் பண்ணுதேன்மா" என்றேன். "அதான் தெனமும் பண்ணுதியே, சாப்பிட வா" என்றாள்.

பெயரில் இந்தச் சிக்கல் இருப்பது உண்மைதான். மேகஸின் என்ற சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்ததுதான் ஸீன், நாமே எழுதி நாமே பிரதியெடுக்கும் சின்ன இதழ். 1930ல் சிகாகோவில் அறிவியல் புனைகதைப் பித்துப் பிடித்த சிலர் 'தி காமெட்' என்று ஒன்றைத் தாங்களே தயாரித்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டார்கள். ரசிகர் நடத்தும் பத்திரிகை என்ற பொருளில் 'ஃபேன்ஸீன்' என்ற சொல் 1940ல் வந்தது. 1976ல் லண்டன் பங்க் இசைக் கூட்டத்திலிருந்து 'ஸ்னிஃபின் க்ளூ' வந்தபோது டைப்ரைட்டரும் ஸ்கெட்ச் பேனாவும் ஜெராக்ஸ் மெஷினும் இருந்தால் யாரும் பத்திரிகை ஆசிரியர் ஆகலாம் என்பது பலருக்கும் உறைத்தது. சரி, இந்த வரலாறு இவ்வளவு போதும்.

ஏனென்றால் நமக்கு இது புதிதே இல்லை. கையெழுத்துப் பத்திரிகை என்று நம் ஊர்களில் இருந்ததே, அதுதான் இது. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெரு அண்ணன்மார் ஒன்று நடத்தினார்கள். நல்ல கையெழுத்து உள்ள ஒருவர் எல்லாவற்றையும் எழுதுவார், படம் வரையத் தெரிந்த ஒருவர் அட்டை போடுவார், மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. அந்த ஒற்றைப் பிரதி வீடு வீடாகப் போகும், ஒரு வீட்டில் இரண்டு நாள் என்று கணக்கு. கடைசியில் நாலைந்து பக்கம் வெறுமையாக விட்டிருப்பார்கள், படித்தவர்கள் கருத்து எழுதுவதற்கு. எனக்கு அந்தக் கருத்துப் பக்கங்கள்தான் பிடிக்கும். கதையை விட்டுவிட்டு நேராக அங்கே போவேன், யார் யாரைத் திட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க. ஒருமுறை ஒரு கவிதைக்குக் கீழே யாரோ "மூன்றாவது வரியில் குழம்புக் கறை உள்ளது, அது எங்கள் வீட்டில் பட்டதல்ல" என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

இந்தக் குறிப்பு அப்படி ஒன்றை நீங்களே செய்வதற்கு. வேண்டியது ஒரு ஏ4 தாள், ஒரு கறுப்பு ஜெல் பேனா, கத்தரிக்கோல், எட்டு நாள். நாள் எதற்கு என்று கேட்பீர்கள், அதற்குத்தான் வருகிறேன். பொதுவாக எல்லோரும் முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு அதை எப்படிப் பக்கமாக்குவது என்று யோசிக்கிறார்கள். நான் சொல்வது தலைகீழ். முதலில் மடித்துவிடுங்கள். வெறும் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் ஒன்று கையில் வந்துவிடட்டும். அதற்குள் எழுதுங்கள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம். எழுத வேண்டிய அளவையும் வேகத்தையும் அந்தத் தாளே சொல்லிவிடும், உங்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மடிப்பது

தாளின் நீளப் பக்கம் உங்களுக்கு முன்னால் கிடக்கட்டும். மேல் விளிம்பைக் கீழ் விளிம்போடு சேர்த்து நீளவாக்கில் ஒரு மடிப்பு, அழுத்தித் தேய்த்துவிட்டு விரித்துவிடுங்கள். அடுத்து இடது ஓரத்தை வலது ஓரத்தோடு சேர்த்து நடுவில் ஒரு மடிப்பு. இதை விரிக்காமல் அதே திசையில் இன்னொரு முறை பாதியாக மடித்துத் தேய்த்துவிட்டு முழுவதும் விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது நடு மடிப்பில் மட்டும் மறுபடி மடியுங்கள், தாள் பாதி அளவாக இருக்கும். மடிந்த பக்கத்திலிருந்து கத்தரியை வைத்து, குறுக்கே ஓடும் கோட்டின் வழியாக, அடுத்த மடிப்புக் கோடு வரை வெட்டுங்கள். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகக் கூடாது. விறுவிறுவென்று ஓரம் வரை வெட்டிவிட்டு இரண்டு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒருவன்.

விரித்துப் பார்த்தால் தாளின் நடுவில் ஒரு நீளமான கீறல், ஓரங்களைத் தொடாமல் இருக்கும். முதலில் போட்ட நீளவாக்கு மடிப்பில் திரும்ப மடித்து, கீறல் மேலே இருக்கும்படி நிமிர்த்தி, இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாயைத் திறக்கும். இன்னும் தள்ளினால் மேலிருந்து பார்க்கக் கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து மடக்கினால் புத்தகம். ஒவ்வொரு பக்கமும் 74க்கு 105 மில்லிமீட்டர், சட்டைப் பைக்குள் சரியாக உட்காரும். மடிப்பைத் தேய்க்க நகம் வேண்டாம், பத்துத் தாளில் வலிக்க ஆரம்பித்துவிடும். எவர்சில்வர் கரண்டியின் முதுகு அருமையாக வேலை செய்கிறது.

இந்த மடிப்பின் அழகு என்னவென்றால், மடித்த புத்தகத்தில் எழுதிவிட்டு விரித்தால் எல்லாப் பக்கமும் தாளின் ஒரே பக்கத்தில், எது எங்கே வர வேண்டுமோ அங்கேயே இருக்கும். அதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து மடித்தால் இதழ் தயார். விரித்த தாளில் நேரடியாக வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசை:

மேல் வரிசை, இடமிருந்து வலம், எழுத்து தலைகீழாக: 7, 6, 5, 4
கீழ் வரிசை, இடமிருந்து வலம், எழுத்து நேராக: 8, 1, 2, 3

1 முன்னட்டை, 8 பின்னட்டை. ஒன்றைக் கவனியுங்கள்: எட்டுப் பக்கத்துக்கும் அடிப்பகுதி தாளின் வெளி ஓரத்தில்தான் விழுகிறது. ஜெராக்ஸ் மெஷின் தாளின் ஓரத்தில் ஒரு நாலைந்து மில்லிமீட்டரை விட்டுவிடும். என் முதல் இதழில் பக்க எண்களையெல்லாம் அடியில் அழகாகப் போட்டிருந்தேன், இருபத்தைந்து பிரதியிலும் ஒரு எண்கூட வரவில்லை. அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள்.

எதைப் பற்றி

எட்டுப் பக்கத்தில் அட்டை ஒன்று, பின்னட்டை ஒன்று போக மீதி ஆறு. என் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு 35, 40 சொற்கள்தான் பிடிக்கும். ஆக மொத்தம் 240 சொல். இதில் வாழ்க்கை, காதல், சமூகம் என்றெல்லாம் எழுத உட்கார்ந்தால் காலண்டர் வாசகம்தான் வரும். சின்ன விஷயமாக, ஆறாக எண்ணக்கூடியதாக எடுங்கள். உங்கள் தெருவில் நிற்கும் ஆறு மரம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கிய ஆறு புள்ளிக்கோலம். தினமும் போகும் பஸ்ஸில் ஆறு நிறுத்தம். தூக்குவாளி, அரிவாள்மனை, குழவி என்று வீட்டில் இப்போது யாரும் தொடாத ஆறு சாமான்.

நான் எடுத்தது ஆச்சியின் சொற்கள். பாளையங்கோட்டையில் ஆச்சி பேசுகிற பேச்சில் இருக்கிற சில சொற்களை என் மகள் புரிந்துகொள்வதில்லை, நானே இப்போது சொல்வதில்லை. வளவு, தார்சா, அங்கணம், வெஞ்சனம், சாரம், பைய. வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாக இருக்கும் வீடுகள். தார்சா வீட்டு முன்பகுதி. அங்கணம் பாத்திரம் கழுவுகிற இடம். வெஞ்சனம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. சாரம் லுங்கி. பைய என்றால் மெதுவாக. அர்த்தம் எழுதுவது அல்ல வேலை, அதற்கு அகராதி இருக்கிறது. ஆச்சி அந்தச் சொல்லை எப்போது சொன்னாள், யாரைப் பார்த்துச் சொன்னாள், அப்போது கையில் என்ன வைத்திருந்தாள் என்பதுதான். "பைய வா, தார்சாவுல தண்ணி கெடக்கு" என்ற ஒரு வரியில் மூன்று பேர் வாழ்ந்த வீடு வந்துவிடுகிறது.

பைய எழுதுவது

வெறும் புத்தகத்தைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ போட்டுக்கொண்டு திரியுங்கள். முதல் நாள் எதுவும் எழுத வேண்டாம். இது வேண்டுமென்றே சொல்வது. பையில் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு பக்கம்தான் இன்றைக்கு என்ற நினைப்பு இருந்தாலே கண் வேறு மாதிரி பார்க்க ஆரம்பிக்கும். இரண்டாம் நாளிலிருந்து ஒரு உள்பக்கம், எட்டாம் நாள் அட்டை இரண்டும். நேரம் உங்கள் வசதி. எனக்கு விடிகாலை ஒத்துவராது, பள்ளி வேன் போன பிறகு பால்காரர் கணக்கு, கரண்ட் பில் எல்லாம் முடிந்து பத்து மணிக்கு ஒரு இருபது நிமிடம் கிடைக்கும். போன் அடுத்த அறையில். மூஞ்சியைத் திருப்பி வைத்தால் போதாது, அடுத்த அறையில்தான்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் வராது. வரவில்லை என்று எழுந்துவிடாதீர்கள். போனில் தமிழ் அடிக்கும்போது பாதிச் சொல் அடித்ததும் மீதியை அதுவே நீட்டும், நாமும் சரி என்று அதைத் தொட்டுவிடுவோம், அப்படித்தான் எல்லோருடைய வாழ்த்தும் இரங்கலும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. தாள் எதையும் நீட்டாது. 'அங்கணம்' என்று எழுதிவிட்டு நான் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அங்கணத்துச் சாம்பல் சிரட்டை ஞாபகம் வந்தது, அதில் திணித்திருந்த தேங்காய் நார், அதைத் தொட்டால் ஆச்சி போடும் சத்தம். பத்து நிமிடம் காத்திருந்ததற்கு அந்தச் சிரட்டை போதும் எனக்கு.

ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள், நன்றாக வந்தாலும் சரி. குறிப்பாக நன்றாக வந்தால். மிச்சம் இருக்கிறது என்ற நினைப்போடு மூடி வைத்தால் மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே அடுத்த வரி வந்து நிற்கும். உட்கார்ந்த கையோடு முடித்துவிட்டால் எட்டு நாள் கிடைக்க வேண்டிய சந்தோஷம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதற்குப் பேசாமல் ஸ்டேட்டஸ் போட்டுவிடலாம்.

நேராகப் பேனாவில் எழுதத் தயக்கமாக இருந்தால் வேறு நோட்டில் ஒரு முறை பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் நாலைந்து முறை திருத்தித் திருத்திக் கொண்டுவந்தால் அது கட்டுரைப் போட்டிக்கு எழுதியது மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு ஒரு முறைக்கு மேல் ஆகாது.

கையெழுத்து

என் கையெழுத்து நன்றாக இருக்காதே என்பார்கள். படிக்க முடிந்தால் போதும். ஆனால் சின்னப் பக்கத்தில் தமிழ் எழுதுவதற்கு என்று சில தந்திரங்கள் இருக்கின்றன. நம் சொற்கள் நீளம், பக்கமோ ஏழு சென்டிமீட்டர் அகலம். 'எழுதிக்கொண்டிருந்தார்கள்' என்பது ஒரு வரியையே சாப்பிட்டுவிடும். வரி முடிவில் சொல்லை உடைக்கத் தயங்க வேண்டாம், சிறுகோடு இல்லாமல் உடைப்பது தமிழில் வழக்கம்தான். இரண்டு விஷயம் மட்டும்: அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது, கொம்பைத் தனியாக மேல் வரியில் விட்டுவிட்டு எழுத்தைக் கீழே கொண்டுவரக் கூடாது. பழைய அச்சுக்கோப்பவர்கள் இதைப் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள்.

புள்ளி பற்றிச் சொல்லும்போது ஞாபகம் வருகிறது, ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதால். உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஜெராக்ஸில் சின்னப் புள்ளி மறைந்துவிடும், அதனால் கொஞ்சம் அழுத்தி வையுங்கள். வரிக்கு வரி இடைவெளி ஆறு, ஏழு மில்லிமீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் மேல் வரியின் 'கு', 'ழு' வால்கள் கீழ் வரியின் 'கி', 'மீ' கொண்டைகளில் போய் மாட்டும். பால்பாயின்ட் பேனா ஜெராக்ஸில் வெளிறும், பென்சில் இன்னும் மோசம். மைப்பேனா ஆசை எனக்கும் உண்டு, ஆனால் சாதாரண ஜெராக்ஸ் தாளில் மை ஊறிப் பரவும். கறுப்பு ஜெல் 0.5 தான் நிம்மதி. வெளிர் நீலப் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு எழுதினால் அழிக்க வேண்டியதில்லை, மெஷின் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது.

கையெழுத்தையே தொழிலாக வைத்திருந்தவர்களை நினைத்தால் நம் எட்டுப் பக்கம் ஒன்றுமே இல்லை. சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து 1927ல் தொடங்கிய 'தி முசல்மான்' உருது நாளிதழை காத்திபுகள் என்னும் எழுத்தர்கள் தினமும் கையாலேயே எழுதி, அதை அச்சிட்டார்கள். நாலு பக்கம். முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் கடைசி நேரச் செய்திக்காகக் காலியாக விட்டு வைப்பார்களாம். அதைப் படித்த பிறகு நானும் பின்னட்டையில் ஒரு மூலையைக் கடைசி நாள் வரை எழுதாமல் வைத்திருக்கிறேன். எட்டாவது நாள் வரைக்கும் நடந்ததில் ஏதாவது ஒன்று அங்கே போகும்.

தப்பு வந்தால் கிறுக்க வேண்டாம், ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், பார்க்க நன்றாகவே இருக்கும். தாங்கவே முடியாத தப்பு என்றால் வேறு துண்டுத் தாளில் எழுதி அதன் மேல் ஒட்டிவிடுங்கள். பிரதியில் ஒட்டு தெரியாது, துண்டின் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாக விழலாம், அங்கே கொஞ்சம் ஒயிட்னர் தடவினால் போச்சு.

ஒட்டுவது என்றதும் படங்கள். வரையத் தெரியாதவர்களுக்கு உலகமே படம்தான். பஸ் டிக்கெட், தினசரி காலண்டரில் கிழித்த தாள், தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகையின் மூலையில் இருக்கும் பூ, மருந்துச்சீட்டு. கோவில்பட்டி, சிவகாசித் தீப்பெட்டிப் படங்கள் கறுப்பு வெள்ளையில் என்னமாய் வருகின்றன தெரியுமா. சிவப்பு கறுப்பாகிவிடும், மஞ்சள் காணாமல் போய்விடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கோந்து தாளை நெளிய வைக்கும், ஒட்டும் குச்சி நல்லது. சோற்றுப் பருக்கையும் நல்லதுதான், ஆனால் எறும்பு.

மடிப்புக் கோட்டின் மேல் பெரிய கறுப்புப் படம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸில் விழும் கறுப்பு மை அல்ல, தாளின் மேல் சூட்டில் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் பொடி. அழுத்தி மடித்தால் அந்த இடத்தில் உதிரும்.

ஜெராக்ஸ் கடை

கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். பள்ளி திறக்கிற ஜூன் மாதம், தேர்வு சமயம், இலவச வீட்டுமனைக்கு மனு வாங்குகிற நாள், இவற்றில் எதிலும் போகாதீர்கள். நான் போகும் கடை ஒரு கல்லூரிக்கு எதிரே இருக்கிறது. முதல் தடவை விரித்த தாளை வாங்கிப் பார்த்த அண்ணாச்சி, பாதி எழுத்து தலைகீழாக இருப்பதைக் கண்டு, "தம்பி, இது தப்பா எழுதியிருக்கு" என்றார். மடித்துக் காட்டினேன். வாங்கித் திறந்து பார்த்தார், மூடினார், திறந்தார். அப்புறம் பின்னால் நின்றவர்களை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ மடிங்க" என்றார். இப்போது அவரே தன் பேரனுக்கு மடித்துக் கொடுக்கிறார்.

முதலில் ஒரே ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். மடித்துப் பாருங்கள். எழுத்து வெட்டுப்படுகிறதா, பையில் கிடந்ததால் வந்த மடிப்புக் கோடுகள் சாம்பல் நிறமாக விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால் கொஞ்சம் 'லைட்' வைக்கச் சொன்னால் போய்விடும், எழுத்து மங்காத அளவுக்கு. கண்ணாடியில் தாளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் எல்லா மடிப்பும் எழுத்தின் மேல் ஏறும். திருப்தியான பிறகு இருபத்தைந்து சொல்லுங்கள். எங்கள் ஊரில் பக்கத்துக்கு 2 ரூபாய், ஆக 50 ரூபாய். வண்ணத்தாள் வேண்டுமென்றால் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், பெரும்பாலான கடையில் போட்டுத் தருவார்கள். சென்னைக்காரர்களுக்குக் கவலையே இல்லை, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் போய்விடும்.

பின்பக்கம் வெறுமையாக இருக்குமே என்று தோன்றும். விட்டுவிடலாம். அல்லது முழுத்தாளுக்கும் ஒரு படம் போடலாம், இதழைப் பிரித்து விரிப்பவர்களுக்கு மட்டும் தெரியும். நான் ஆச்சியின் வளவின் வரைபடம் போட்டேன், கிணறு எங்கே, யார் வீடு எங்கே என்று. கீறல் நடுவில் போகிறது என்பதை மறந்து கிணற்றை அங்கேயே வரைந்து தொலைத்தேன். ஆனால் கிணறு பிளந்து நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கடையிலிருந்து வந்த தாள்கள் சூட்டில் சுருண்டிருக்கும். ஒரு ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டு மறுநாள் மடியுங்கள். இருபத்தைந்தையும் ஒரே ஆள் மடிக்கலாம், ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் இது ஆள் சேர்த்துச் செய்கிற வேலை. பூக்கட்டுவது, அப்பளம் இடுவது, வடகம் பிழிவது மாதிரி கை ஒரு பக்கம் வேலை செய்ய வாய் ஒரு பக்கம் ஓடும். மகள் மடிப்பு, அம்மா தேய்ப்பு, நான் வெட்டு என்று உட்கார்ந்தோம். ஆச்சி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் பெரிதாக வேண்டுமென்றால்

இரண்டு, மூன்று குட்டி இதழ் போட்ட பிறகு கை அரிக்கும். அப்போது நாலு ஏ4 தாளைப் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பதினாறு பக்கம். பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும், பதினாலு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு முழிக்காதீர்கள். எந்தத் தாளில் எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு: விரித்த தாளில் அருகருகே இருக்கும் இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும். வெளித்தாளின் ஒரு பக்கம் 16, 1. அதன் மறுபக்கம் 2, 15. இப்படியே உள்ளே போனால் நடுவில் 8, 9. கணக்கை நம்பாதவர்கள் வெறும் தாளில் ஒரு மாதிரி மடித்து எண் போட்டு அதைப் பார்த்துக்கொண்டே செய்யலாம், நான் இன்றுவரை அப்படித்தான். இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுக்கும்போது தாளைக் குறுகிய ஓரத்தில் புரட்ட வேண்டும், நீள ஓரத்தில் புரட்டினால் பின்பக்கம் தலைகீழாக வரும். முப்பது பிரதி அப்படிப் போனது எனக்கு. அவை எல்லாம் இப்போது மளிகைக் கணக்கு எழுத உதவுகின்றன.

பின் அடிக்க நீளக் கை ஸ்டேப்லர் இல்லையென்றால் சாதாரண ஸ்டேப்லரை முழுவதும் திறந்து, தாளுக்கு அடியில் ஒரு தெர்மாகோல் துண்டு வைத்து, முதுகில் அடியுங்கள். கம்பி தெர்மாகோலில் இறங்கி நிற்கும். தாளை மெதுவாக எடுத்து, கம்பியின் கால்களைக் கரண்டியால் மடக்கிவிட்டால் முடிந்தது. ஆனால் கடற்கரை ஊர்களில் பின் சீக்கிரம் துருப்பிடிக்கும். நூல் நல்லது, தைப்பது அடிப்பதைவிடச் சந்தோஷமும்கூட.

முதுகு மடிப்பில் மூன்று ஓட்டை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. பழைய தடிப் புத்தகம் ஒன்றை விரித்து அதன் பள்ளத்தில் இதழை வைத்துக் குத்தினால் ஓட்டை நேராக விழும். கொஞ்சம் தடிமனான பருத்தி நூலை, இதழின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு எடுத்து, மெழுகுவர்த்தியில் இழுத்து மெழுகேற்றிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடு ஓட்டை வழியாக ஊசியை வெளியே எடுங்கள், நூலின் வால் உள்ளேயே கொஞ்சம் தொங்கட்டும். முதுகின் மேலாகப் போய் மேல் ஓட்டையில் உள்ளே நுழையுங்கள். உள்ளே நடு ஓட்டையைத் தாண்டி நேராகக் கீழ் ஓட்டைக்குப் போய் வெளியே வாருங்கள். திரும்ப நடு ஓட்டையில் உள்ளே நுழையுங்கள். இப்போது இரண்டு வாலும் உள்ளே இருக்கும், நடுவே ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக. அதைச் சேர்த்து இறுக்கி முடி போடுங்கள். இழுக்கும்போது நூலை முதுகுக்கு இணையாக இழுங்கள், மேல்நோக்கி இழுத்தால் ஓட்டை கிழியும்.

அட்டைக்குத் தடித் தாள் வாங்கினால் வெட்டுவதற்கு முன் இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில் மடிப்பு வர வேண்டும். மாற்றி மடித்தால் அட்டை முதுகில் வெடித்து வெள்ளைத் திப்பி தெரியும்.

யாருக்கு

இருபத்தைந்து பிரதி போதும். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கியபோதும் கூட்டம் சேர்க்கக் கிளம்பவில்லை, படிக்கிறவர்கள் யார் என்று தெரிந்தே நடத்தினார், புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகவும் போனார். நம் சிற்றிதழ்கள் பலவற்றில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். நானும் பின்னட்டையில் அதைப் போட்டுக்கொள்கிறேன். பதிவு செய்யாத பத்திரிகைக்கு அது வழக்கம் என்பது ஒரு காரணம், எழுதிப் பார்க்க அழகாக இருக்கிறது என்பது உண்மையான காரணம்.

யார் யாருக்கு என்று முதலிலேயே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டால் எழுதும்போது முகம் தெரியும். விலை வைக்காதீர்கள், பதிலுக்கு அவர்கள் ஒன்று செய்து அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பாதிப் பேர் அனுப்பமாட்டார்கள், பரவாயில்லை. தபாலில் அனுப்பினால் எடைக் கணக்கு சுலபம்: 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். சாதாரணக் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம், ஆகக் குட்டி இதழோடு ஒரு பக்கக் கடிதமும் வைக்கலாம், கவரையும் சேர்த்து அதற்குள் வந்துவிடும். பதினாறு பக்க இதழ் தாள் மட்டுமே 20 கிராம், கவரைச் சேர்த்தால் அடுத்த படி. தபால்தலை ஒட்டும்போது கவுன்டரில் கொடுத்து நிறுத்துப் பார்த்துவிடுங்கள், வாங்குகிறவர் தண்டம் கட்டி வாங்குவது மாதிரி ஆகிவிடக் கூடாது. மூலத்தாளை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், மறுபடி பிரதி கேட்பார்கள்.

ஒரே ஒரு பிரதியை மட்டும் நான் அஞ்சலில் அனுப்பவில்லை, பழைய வழக்கப்படி வீடு வீடாகச் சுற்றவிட்டேன். அதன் கடைசியில் மட்டும் ஒரு சின்னத் தாளைத் தைத்து, மேலே 'கருத்து' என்று எழுதி வெறுமையாக விட்டிருந்தேன். ஆச்சி வீட்டில் தொடங்கி, சித்தி வீடு, ஸ்ரீவைகுண்டத்து மாமா வீடு, மறுபடி பாளையங்கோட்டை என்று ஒன்றரை மாதம் சுற்றி, மூலையெல்லாம் மழுங்கி வந்து சேர்ந்தது. மாமா இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்திருந்தார். சித்தி 'நல்லா இருக்கு' என்று மட்டும் எழுதியிருந்தாள். அடியில், நடுங்கும் கையில், 'கு'வுக்கும் 'ரு'வுக்கும் வித்தியாசம் தெரியாத எழுத்தில், வீட்டுக் கூடத்துக்கு வழங்கும் சொல்லைக் காணோமே என்று ஆச்சி எழுதியிருந்தாள்: "பட்டாசல விட்டுட்டியேல."